கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தபோது

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். "என் நிரலில் தப்பே இல்லை, கெர்னலில்தான் பக்" என்று ஒருவர் சொன்னால் அனுபவமுள்ள நிரலாளர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பழமொழிதான். பெரும்பாலும் அவர்கள் சிரிப்பது நியாயமாகவும் இருக்கும். கோடிக்கணக்கான கணினிகளில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில், நம் கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஓட்டை இருப்பதைவிட நம் நிரலில் ஓட்டை இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

2019 நவம்பரில் கோ (Go) என்ற நிரல்மொழியின் குழுவுக்கு வந்த சிக்கலில் கூடமே கோணலாக இருந்தது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது கெர்னலுக்கென்று எழுதப்பட்ட டெஸ்ட் எதுவும் இல்லை. ஒரு நிரல்மொழியைக் கட்டி, அதன் டெஸ்ட் தொகுப்பை ஓட்டிப் பார்க்கும் அன்றாட வேலைதான். கெர்னல் ரிக்ரஷனை, அதாவது நேற்று ஓடியது இன்றைய பதிப்பில் உடைவதை, சாதாரண மென்பொருள் பேக்கேஜ்களின் டெஸ்டுகளை வைத்துப் பிடிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. பிடிக்க முடியும் என்பதையும், அதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதையும் இது சேர்த்தே காட்டுகிறது.

முதல் சந்தேகம்

கோவின் அடுத்த பதிப்பான 1.14 அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெரிய மாற்றம் வந்திருந்தது. அதுவரை கோ மொழியில், ஃபங்ஷன் அழைப்பே இல்லாத இறுக்கமான ஒரு லூப்பை ஒரு கோரூட்டீன் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) ஓட்டிக்கொண்டிருந்தால், அதை இடையில் நிறுத்தி வேறொன்றுக்கு வாய்ப்புக் கொடுக்க, நிரலோடு சேர்ந்தே ஓடி இந்த வேலைகளை மேய்க்கும் ரன்டைமால் முடியாது. புதிய ஏற்பாட்டில், ஏறக்குறைய 10 மில்லிவிநாடிக்கு மேல் ஓடும் கோரூட்டீனின் த்ரெட்டுக்கு ரன்டைம் கெர்னல் வழியாக ஒரு சிக்னலை, அதாவது குறுக்கிடும் ஓர் அறிவிப்பை, அனுப்பி அதை நிறுத்தும். விளைவு, சாதாரண கோ நிரல்களுக்குக்கூட முன்பைவிடப் பல மடங்கு சிக்னல்கள் வர ஆரம்பித்தன.

இந்த மாற்றம் மூலநிரலில் சேர்ந்த சில நாட்களிலேயே புகார்கள் வரத் தொடங்கின. ஒருவருக்குக் கம்பைலரே பாதியில் செத்தது. இன்னொருவருக்கு நில் பாயின்டர் பிழை. வேறொருவருக்கு ஸ்டாக்கில் (நிரலின் தற்காலிகத் தரவு இருக்கும் நினைவகப் பகுதியில்) இருக்கக்கூடாத முகவரி. சில இடங்களில் நிரல் சாகாமல், தன் தரவு கெட்டுப்போனதைத் தானே கண்டுபிடித்துக் கத்தியது. ஒரே நோய்க்கு ஒன்பது முகங்கள். பொதுவாக இருந்தது ஒன்றுதான்: புகார் சொன்னவர்கள் எல்லோரும் லினக்ஸ் 5.3 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னலில் இருந்தார்கள்.

குழுவைச் சேர்ந்த ஆஸ்டின் கிளெமென்ட்ஸ் எல்லாவற்றையும் ஒரே தலைப்பின் கீழ் திரட்டினார். இடைநிறுத்தும் வசதியை வடிவமைத்தவரும் அவர்தான். அவர் இடத்தில் நானாக இருந்தால் முதலில் என் நிரலைத்தான் சந்தேகித்திருப்பேன். புதிதாகச் சேர்ந்தது அது, சிக்கலானது அது, அதை அணைத்தால் கோளாறும் நின்றுவிடுகிறது. சாட்சிகள் எல்லாமே கோவுக்கு எதிராகத்தான் நின்றன.

ஆனால் அதே கோ, பழைய கெர்னலில் ஒரு முனகலும் இல்லாமல் ஓடியது. வழக்கு திரும்பிய இடம் இதுதான். பேக்கேஜை அசைக்காமல் வைத்துக்கொண்டு கெர்னலை மட்டும் மாற்றிப் பார்ப்பது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் நடைமுறையில் யாரும் இப்படிச் செய்வதில்லை. டெஸ்ட் விழுந்தால் நாம் வழக்கமாக அசைப்பது பேக்கேஜைத்தான்.

வலையைச் சுருக்குதல்

கெர்னல் ஆட்களிடம் போய் "கோ கம்பைலர் உங்கள் கெர்னலில் சாகிறது" என்றால் வேலைக்கு ஆகாது. பழமொழியை நம் முகத்திலேயே சொல்லிவிடுவார்கள். அதனால் கோ சம்பந்தமே இல்லாமல், சி மொழியில் ஒரு சிறு நிரலாகக் கோளாறை வடித்தெடுத்தார்கள். கெர்னலின் புகார்ப் பதிவேடான பக்சில்லாவில் 205663 என்ற எண்ணில் புகார் பதிவானது. சிக்னல் வரும்போது ஏவிஎக்ஸ் ரெஜிஸ்டர்கள் (சிபியுவுக்குள் தரவை வைத்திருக்கும் அகலமான சிறு இடங்கள்) கெட்டுப்போகின்றன என்பதே அதன் சாரம்.

எந்த மாற்றத்தால் வந்தது என்று தேட வழி பைசெக்ட்: நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் உள்ள கமிட்டை, அதாவது பதிவான ஒரு மாற்றத்தை, எடுத்துக் கட்டு, சோதி, பாதியைத் தள்ளு, மறுபடியும் நடுவை எடு. ஒரு கெர்னல் பதிப்புக்கு ஏறக்குறைய 14,000 மாற்றங்கள் என்றால் 14 சுற்றில் ஆளைப் பிடித்துவிடலாம். காகிதத்தில் கணக்கு அழகாக இருக்கும். சிக்கல் எங்கே என்றால், இந்த மாதிரிக் கோளாறு ஒவ்வொரு முறையும் தலைகாட்டாது. பத்தில் ஒரு முறை மட்டும் விழும் டெஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கமிட்டில் பத்து முறை ஓட்டி ஒருமுறையும் விழவில்லை என்றால் அது நல்ல கமிட்டா? கோளாறு உள்ள கமிட்டிலும் பத்து ஓட்டமும் தப்பிவிட 35 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் ஏமாற வேண்டும் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் 44 முறை ஓட்ட வேண்டும். ஒரே ஒரு சுற்றில் தவறாக "நல்லது" என்று சொல்லிவிட்டால் போதும், மீதிச் சுற்றுகள் எல்லாம் வேறு ஊருக்குப் போகிற பஸ்ஸில் பத்திரமாகப் பயணம் செய்யும். பெரிய டெஸ்ட் தொகுப்பிலிருந்து சிறிய நிரலுக்கு வடித்தெடுப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் புரியும். பத்தில் ஒன்றாக விழுவதை நூற்றுக்கு நூறாக விழவைத்துவிட்டால் 44 ஓட்டம் ஒன்றாகிவிடும்.

இன்னொரு முடிச்சும் இருந்தது. அதே கெர்னல் மூலநிரலை ஜிசிசி என்ற சி கம்பைலரின் 8-ஆம் பதிப்பால் கட்டினால் கோளாறு இல்லை. ஜிசிசி 9-ஆல் கட்டினால் இருக்கிறது. பழைய கம்பைலர் உள்ள கணினியில் பைசெக்ட் செய்பவருக்கு எல்லாக் கமிட்டும் நல்ல கமிட்டாகவே தெரியும். 2019 அக்டோபரில் வந்த உபுண்டு 19.10-இல் 5.3 கெர்னலும் ஜிசிசி 9-உம் சேர்ந்தே வந்தன. புகார்கள் குவிந்த காலத்தோடு இது பொருந்திப் போகிறது.

உள்ளே நடந்தது

சிக்னல் வந்ததும் கெர்னல் ஒரு வேலை செய்யும். நிரல் அந்த நொடியில் வைத்திருந்த ரெஜிஸ்டர்கள் எல்லாவற்றையும், எக்ஸ்எம்எம், ஒய்எம்எம் போன்ற அகலமான ரெஜிஸ்டர்கள் உட்பட, நிரலின் சிக்னல் ஸ்டாக்கில் எழுதிவைக்கும். சிக்னலைக் கையாண்டு முடித்ததும் அங்கிருந்து திரும்ப ஏற்றும். நிரலுக்கு இடையில் எதுவுமே நடக்காத மாதிரி இருக்க வேண்டும்.

அந்த ஸ்டாக்கின் பக்கம் (நினைவகத்தைக் கெர்னல் பங்கிடும் சிறு துண்டு) இன்னும் நினைவகத்துக்கே வரவில்லை என்றால்? புதிதாகப் பிறந்த த்ரெட்டுக்கு முதல் சிக்னல் வரும்போது அப்படித்தான் இருக்கும். அப்போது எழுதும் முயற்சி தோற்கும். எழுதும்போது வேறு நிரல் குறுக்கிடாமலிருக்கப் போட்ட பூட்டைக் கெர்னல் திறந்து, பக்கத்தை வரவழைத்து, மறுபடியும் எழுத முயலும். பூட்டு திறந்திருக்கும் அந்த இடைவெளியில் அதே சிபியுவில் வேறொரு நிரல் ஓடிவிட்டுப் போகலாம்.

ஒரு மேசையும் அதன்மேல் பெயர்ப்பலகையும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேசையில் கிடக்கும் தாள்கள்தான் ரெஜிஸ்டர்களில் உள்ள தரவு. இப்போது யாருடைய தாள்கள் கிடக்கின்றன என்பதைப் பலகை சொல்லும். 5.2-க்கு முன்பு ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றாலே மேசையில் இருப்பது அதனுடைய தாள்கள்தான்; பலகையை ஒருமுறை பார்த்தால் போதும். 5.2-இல் வேகத்துக்காக ஒரு மாற்றம் செய்தார்கள். தாள்களை உடனே மேசைக்குக் கொண்டுவர வேண்டாம், நிரலுக்கே கட்டுப்பாடு திரும்பும் கடைசி நேரத்தில் கொண்டுவந்தால் போதும் என்பது ஏற்பாடு. நல்ல யோசனைதான். ஆனால் பலகையிலிருக்கும் பெயர் இனி கெர்னல் வேலையின் நடுவிலும் மாறலாம். பலகையைப் படிக்கும் வரியில் மட்டும் "இது மாறாது, ஒருமுறை படித்ததை வைத்துக்கொள்ளலாம்" என்று கம்பைலருக்குச் சொல்லியிருந்த பழைய வாக்குறுதி அப்படியே நின்றுவிட்டது. ஜிசிசி 8 அந்தச் சலுகையைப் பயன்படுத்தவில்லை. ஜிசிசி 9 பயன்படுத்தியது. மறுமுயற்சியின்போது பலகையைப் பார்க்காமல், முன்பு படித்த பெயரையே வைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த வேற்று நிரலின் தாள்களை எடுத்து நம் நிரலின் பெட்டியில் போட்டுவிட்டது.

கோவுக்கு ஏன் ஒன்பது முகங்கள் தெரிந்தன என்பதும் இதிலிருந்து விளங்கும். கோ அந்த அகலமான ரெஜிஸ்டர்களை, நினைவகத்தை மொத்தமாக நகலெடுக்கவும் பூஜ்யமாக்கவும் பயன்படுத்துகிறது. நகலெடுக்கும்போது ரெஜிஸ்டரில் குப்பை புகுந்தால் அந்தக் குப்பை யாருக்கோ போய்ச்சேரும். எப்போதோ அதைத் தொடும் வேறொரு வரி சாகும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பைசெக்ட் சுட்டிய கமிட்டும் இந்த ரகம்தான். அது காட்டியது, ஸ்டாக் பக்கத்தை வரவழைத்து மறுபடி முயலும் பகுதியைச் சேர்த்த கமிட்டை. சரிசெய்த கெர்னல் நிரலாளர் செபாஸ்டியன் ஆண்ட்ரெய் சீவியோர் தன் பேட்சில் (திருத்தத்தில்) மூலகாரணமாகக் குறிப்பிட்டதோ அதற்கு முந்தைய, தாள்களைத் தள்ளிப்போட்டுக் கொண்டுவரும் மாற்றத்தை. பைசெக்ட் அறிகுறி தொடங்கிய இடத்தைக் காட்டும். தவறு பிறந்த இடம் பக்கத்து வீடாக இருக்கலாம். பேட்ச் என்னவோ மிகச் சிறியது: பலகையை ஒவ்வொரு முறையும் புதிதாகப் படி. 2019 டிசம்பரில் 5.3.15-இலும் 5.4.2-இலும் அது சேர்ந்தது. ஜூலையில் வெளியான 5.2-இலிருந்து எண்ணினால் ஐந்து மாதம்.

வேறு எங்கே இது தப்பியிருக்கும்

கெர்னலுக்குச் சொந்த டெஸ்டுகள் இல்லாமல் இல்லை. கேசெல்ஃப்டெஸ்ட் இருக்கிறது, எல்டிபி இருக்கிறது. அவை பெரும்பாலும் ஒவ்வொரு வசதியையும் தனித்தனியாகத் தட்டிப் பார்ப்பவை. இந்தக் கோளாறுக்கோ நான்கு விஷயங்கள் ஒரே நேரத்தில் கூட வேண்டும்: அகலமான ரெஜிஸ்டரில் உயிருள்ள தரவு, அதே நொடியில் சிக்னல், தொடப்படாத ஸ்டாக் பக்கம், அந்த இடைவெளியில் வேறொரு நிரல். இப்படி ஒரு டெஸ்டை யோசித்து எழுதுவது கடினம். ஒரு மொழி தன்னையே பலமுறை கம்பைல் செய்து, ஆயிரக்கணக்கான டெஸ்டுகளை எல்லாக் கோர்களிலும் ஒரே நேரத்தில் ஓட்டும்போது இந்த நான்கும் தற்செயலாகவே கூடிவிடும். பேக்கேஜ் டெஸ்டுகளின் பலம் இதில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் டெபியன், உபுண்டு போன்ற டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் வெளியீடுகள்) ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களின் டெஸ்டுகளை ஓட்டுகின்றனவே, அங்கே எல்லாம் பிடிபட்டுவிடுமா? இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது, வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. பேக்கேஜைக் கட்டும்போது ஓடும் டெஸ்ட், கட்டும் கணினியின் கெர்னலில்தான் ஓடும். அந்தக் கணினிகளில் பொதுவாக நிலையான, பழைய கெர்னல்தான் இருக்கும். பேக்கேஜ் மாறும்போதுதான் டெஸ்ட் ஓடும். கெர்னல் மாறும்போது யாரும் மற்ற பேக்கேஜ்களை மறுபடி கட்டுவதில்லை.

டெபியனும் உபுண்டுவும் பயன்படுத்தும் ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் இதற்குப் பாதித் தீர்வு. கட்டி முடித்து நிறுவிய பேக்கேஜை அது சோதிக்கும். ஒரு நூலகம் மாறினால் அதை நம்பியிருக்கும் பேக்கேஜ்களின் டெஸ்டுகளும் சேர்ந்து ஓடும். ஆனால் பெரும்பாலான பேக்கேஜ்கள் தங்கள் சார்புப் பட்டியலில் கெர்னலை எழுதுவதில்லை! எல்லோரும் நிற்பது அதன்மேல்தான், பட்டியலில் மட்டும் அதன் பெயர் இருக்காது. அதனால் கெர்னல் மாறினால் எதை ஓட்டுவது என்று கருவிக்குத் தெரியாது; மனிதர்கள்தான் சொல்லித்தர வேண்டும். உபுண்டுவில், எந்தக் கெர்னலை நிறுவ வேண்டும் என்று சுட்டும் லினக்ஸ்-மெட்டா பேக்கேஜ் மாறும்போது டெஸ்டுகள் தூண்டப்படுகின்றன. வெறும் கெர்னல் பேக்கேஜ் வந்தால் போதாது. மெட்டா வராதவரை அந்தக் கெர்னல் யாருடைய கணினியிலும் நிறுவப்படாது, சோதிப்பதிலும் பொருளில்லை.

அடுத்தது, எங்கே ஓட்டுவது. கன்டெய்னரில் ஓட்டினால் வேகம், செலவும் குறைவு. ஆனால் கன்டெய்னருக்கென்று தனிக் கெர்னல் கிடையாது, வீட்டுக்காரருடைய கெர்னலேதான். உள்ளே புதிய கெர்னலை எத்தனை முறை நிறுவினாலும் ஓடுவது வெளியே இருப்பதுதான். பச்சை விளக்கு எரியும், அதற்கு அர்த்தம் ஒன்றும் இருக்காது. கெர்னலைச் சோதிக்க வேண்டுமானால் கியூஇஎம்யு மாதிரி முழு மெய்நிகர் கணினி வேண்டும், புதிய கெர்னலில் ரீபூட் ஆக வேண்டும், உண்மையில் அதில்தான் ஏறியிருக்கிறதா என்று டெஸ்ட் தொடங்கும் முன் சரிபார்க்கவும் வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, வாரக்கணக்கில் பழைய கெர்னலையே சோதித்துக்கொண்டிருப்பது மிக எளிதாக நடக்கக்கூடிய தப்பு.

மூன்றாவது, ஒப்பிட ஒரு அடிப்படை ஓட்டம். ஒரு டெஸ்ட் விழுந்ததா என்ற கேள்வியைவிட, பழைய கெர்னலில் விழாதது புதியதில் விழுந்ததா என்ற கேள்விதான் பயன்படும். எப்போதும் விழும் டெஸ்டுகள் எந்த டிஸ்ட்ரோவிலும் நூற்றுக்கணக்கில் கிடக்கும். டெபியனில் பேக்கேஜ்களை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும் மென்பொருள், மாற்றமில்லாத நிலையில் ஓர் ஓட்டத்தை எடுத்துவைத்து அதோடு ஒப்பிடுவது இதற்காகத்தான். ஒப்பீடு இல்லாத இடத்தில் "அது எப்பவுமே அப்படித்தான், இன்னொரு தடவை ஓட்டு" என்ற பதில் பழகிப்போகும். இரண்டாம் முறை தேறிவிட்டால் பச்சை. கோவின் கோளாறு அப்படி ஒரு கையில் சிக்கியிருந்தால் இரண்டாவது ஓட்டத்திலேயே புதைக்கப்பட்டிருக்கும்.

யாரும் ஓட்டிப் பார்க்காத பேக்கேஜ்

எதிர்ப்பக்க உதாரணம் ஒன்று. 2019 டிசம்பரில், 5.5 கெர்னலுக்காக லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், ஒரு நிரல் எழுதுவதை இன்னொன்று வாசிக்கும் குழாயான பைப்பில் எழுதும் பகுதியைத் துப்புரவாக்கினார். பைப்பில் ஏற்கெனவே தரவு இருந்தால், புதிதாக எழுதும்போது வாசிப்பவரை மறுபடி எழுப்ப வேண்டியதில்லை என்பது மாற்றம். விதிப்படி சரி. ஆனால் பல ஆண்ட்ராய்டு செயலிகளுக்குள் இருக்கும் ரியல்ம்-கோர் என்ற நூலகம், பைப்பை முழுதாகக் காலி செய்யாமல், ஒவ்வொரு முறை எழுதும்போதும் எழுப்பல் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தது. ஆண்ட்ராய்டு 5.10 கெர்னலுக்குப் போனபோது அந்தச் செயலிகள் வேலை செய்யவில்லை. கெர்னலில் திருத்தம் வந்தது 2021 ஜூலையில். கோவுக்கு ஐந்து மாதம், இதற்கு ஒன்றரை வருடத்துக்கும் மேல். நுட்பமாகப் பார்த்தால் இது கோவின் கோளாறைவிட மிக எளிமையானது, ஒவ்வொரு முறையும் தவறாமல் உடையக்கூடியது. புதிய கெர்னலின்மேல் அந்த நூலகத்தை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

கதை அதோடு முடியவில்லை. திருத்தத்தால் வேகம் குறைந்த இடத்தைச் சரிசெய்ய ஆகஸ்டில் இன்னொரு திருத்தம் வந்தது. உடனே கெர்னல் மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் கெர்னல் டெஸ்ட் ரோபோ, கணினிக்குப் பளு கொடுத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜி பேக்கேஜின் சிக்ஐஓ சோதனை ஏறக்குறைய முழுதாகப் படுத்துவிட்டதாகப் புகார் அனுப்பியது. ஸ்ட்ரெஸ்-என்ஜியும் ரியல்ம் மாதிரியே எழுதப்படாத ஒரு பழக்கத்தை நம்பியிருந்தது. அதை எழுதிய காலின் கிங் தன் நிரலைச் சரிசெய்தும்விட்டார். இருந்தும் லினஸ் கெர்னலையும் மாற்றினார். பயனர் நிரல் செய்தது அசட்டுத்தனமா என்பது கேள்வியில்லை, முன்பு ஓடியது இப்போதும் ஓட வேண்டும் என்பதே விதி. இந்த விதி மட்டும் இல்லையென்றால் பேக்கேஜ் டெஸ்டுகளை வைத்துக் கெர்னலைச் சோதிப்பதில் பாதிப் பயன் போய்விடும் என்பது என் எண்ணம். விழுந்த ஒவ்வொரு டெஸ்டுக்கும் "உன் நிரல்தான் தப்பு" என்று பதில் வந்துவிடும்.

திருத்தத்துக்குப் பிறகு

கெர்னல் சரியாகிவிட்டது, ஆனால் ஊரெல்லாம் பழைய கெர்னல்கள் ஓடிக்கொண்டிருந்தன. 2020 பிப்ரவரியில் வந்த கோ 1.14 தானே ஒரு தற்காப்பை வைத்துக்கொண்டது. கெர்னல் எண் 5.2 முதல் 5.3.14 வரை, அல்லது 5.4.0, 5.4.1 என்றால், சிக்னல் ஸ்டாக்கின் மேல்பக்கத்தை எம்லாக் என்ற கெர்னல் அழைப்பின் மூலம் நினைவகத்தில் பூட்டிவிடும். பக்கம் எப்போதும் இருந்தால் அந்த மறுமுயற்சியே நடக்காது.

சாமர்த்தியமான வழிதான், ஆனால் சாதாரண பயனருக்கு எம்லாக் வரம்பு அப்போது பல கணினிகளில் 64 கேபிதான். 4 கேபி பக்கமாக 16 த்ரெட்டோடு தீர்ந்துவிடும். பதினேழாவது த்ரெட்டில் கோ நிரல் "mlock" தோற்றது என்று சொல்லிச் செத்தது. கூடவே இன்னொன்று. உபுண்டு தன் 5.3 கெர்னலில் பேட்சைச் சேர்த்த பிறகும் எண்ணை 5.3.0 என்றே காட்டிக்கொண்டிருந்தது. கோ அதைப் பார்த்து நோயாளி என்றே முடிவுகட்டியது. நோயில்லாத கணினியில் மருந்தால் வந்த சாவு. அதே ஆண்டு மார்ச்சில் வந்த 1.14.1 அதை மாற்றியது: பூட்டு தோற்றால் சாகாமல், சிக்னல் அனுப்பும் முன் ஸ்டாக் பக்கத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்கும், அதற்குப் பிறகும் நிரல் விழுந்தால் இந்தக் கெர்னல் கோளாறைப் பற்றிய விளக்கப் பக்கத்தைக் காட்டும்.

யூநேம் கட்டளை தரும் கெர்னல் எண்ணை மட்டும் பதிவுசெய்யும் டெஸ்ட் அமைப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். லினக்ஸில் /ப்ராக்/வெர்ஷன் என்ற கோப்பில், கெர்னலை எந்த ஜிசிசி கட்டியது என்பதும் ஒரே வரியில் இருக்கும். உபுண்டுவில் பக்கத்திலேயே வெர்ஷன்_சிக்னேச்சர் என்ற கோப்பு, 5.3.0 என்ற முகத்துக்குப் பின்னால் எந்த மூலப்பதிப்பு இருக்கிறது என்பதைச் சொல்லும். டெஸ்ட் விழுந்த ஒவ்வொரு பதிவிலும் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துச் சேமிக்க ஒரு நிமிட வேலை.